படிதலும் படித்தலும்



வாசிப்பு, எழுத்துப்பிழை, கட்டுரைப் பயிற்சி என்றே வழக்கமாக எழுதி வரும் நான், இம்முறை ஒரு நாய்க்குட்டியைப் பற்றி எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு நாய்க்குட்டியோடு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பொறுமையோடு இறுதிவரை படித்தால், இதுவும் வகுப்பறையைப் பற்றிய கட்டுரைதான் என்பது விளங்கும்.

வேங்கை வந்த கதை

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம், என் தந்தையார் தம் பழைய தோட்டத்து நண்பரைக் காணச் சென்றார். திரும்பி வரும்போது ஓர் அட்டைப்பெட்டியில் 8 வாரக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். செம்மண் நிறம், நான்கு பாதங்களும் வெள்ளை. எட்டு வயதான என் மகள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த பரிசு அது.

முதலில் பெயர் பற்றிய விவாதம். தோட்டத்தில் தாம் வளர்த்த நாய்களைப் போலவே இதற்கும் ‘டைகர்’ என்று பெயரிட வேண்டும் என்றார் அப்பா. “தமிழ் டீச்சர் வீட்டு நாய்க்கு எதுக்குத் தாத்தா இங்கிலீஷ் பேரு?” என்று கேட்டுவிட்டு, ‘வேங்கை’ என்று மகளே மொழிபெயர்த்துவிட்டாள். உள்ளங்கையில் அடங்கும் வேங்கை! எனினும் அழைப்பதற்கு ஈரசைப் பெயர் மிகப் பொருத்தம். குட்டி விரைவில் அடையாளம் கண்டுகொள்ளும்.

அடுத்து மருத்துவரிடம் கொண்டுசென்றோம். குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டு, பின்னர் சில வார இடைவெளியில் ஏறக்குறைய 16 வாரம் வரை தொடர வேண்டும். ‘ஒருமுறை போட்டாயிற்றே, போதாதா?’ என்று பலர் எண்ணுகின்றனர். தாயிடமிருந்து குட்டிக்குக் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் சில வாரங்கள் உடலில் தங்கி, தடுப்பூசியின் வேலையைத் தடுத்துவிடும். அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். அதனால்தான் மீண்டும் மீண்டும் போடுகிறார்கள். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய நோய்கள் குட்டிகளின் உயிரையே குடிப்பவை. குடற்புழு மருந்தும் தவறாமல் கொடுக்க வேண்டும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017ஆம் ஆண்டு தொடங்கிச் சரவாக்கிலும் அந்நோய் பரவியதை நாம் மறந்துவிடலாகாது. உங்கள் வட்டார நகராண்மைக் கழகத்தின் உரிம விதிமுறைகளையும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பார்வோ நச்சுயிரி மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். ஆகவே தடுப்பூசிகள் முடியுமுன் பிற நாய்கள் திரியும் இடத்தில் குட்டியை இறக்கிவிடக் கூடாது. ஆனால், குட்டி இவ்வுலகைக் கண்டு அஞ்சாமல் பழகும் பருவமோ ஏறக்குறைய 3ஆம் வாரத்தில் தொடங்கி 14ஆம் வாரத்திற்குள் முடிந்துவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் நோய் வராது, அச்சம் வந்துவிடும்! இதற்கு வழி, குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு உலகைக் காட்டுவதுதான். ஒவ்வொரு மாலையும் அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு முன்வாசலில் அமர்ந்தார். ரொட்டி விற்பவரின் ‘ஆர்ன்’ ஒலி, குப்பை லாரி, மோட்டார் சைக்கிள்கள், சூராவிலிருந்து வரும் தொழுகை அழைப்பு, பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல் என எல்லாவற்றையும் அது மடியில் இருந்தவாறே கேட்டுப் பழகியது.

பிரம்பு வெளியே வந்த நாள்

இரண்டாம் வாரத்தில் சோதனை வந்தது. விளையாட்டு மிகுதியில் வேங்கை மகளின் கையைக் கடித்துவிட்டது. ஊசி போன்ற பாற்பற்கள்; மெல்லிய கீறல்; சிறிது இரத்தம். மகளின் அழுகையைக் கேட்டதும் அப்பா சமையலறைக்குச் சென்று பழைய பிரம்பை எடுத்துவந்தார்.

அவர் கொடியவர் அல்லர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பால்மரம் வெட்டியவர். அவர் அறிந்த நாய்கள் எல்லாம் சங்கிலியில் வளர்ந்து, அடி வாங்கி, தோட்டத்து வீட்டைக் காத்தவை.

“அடியாத மாடு படியாதும்மா. இப்ப ரெண்டு போட்டாத்தான் பெருசானா அடங்கும்” என்றார்.

அவர் கவலையில் வேறொன்றும் இருந்தது. நாங்கள் வாழ்வது வரிசை வீடுகள் நிறைந்த வீடமைப்புப் பகுதி. அடுத்த வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம். அவ்வீட்டு மாக்சிக், நாள்தோறும் தொழுகை உடையோடு எங்கள் வாசலைக் கடந்துதான் சூராவுக்கு நடந்து செல்வார். குட்டியோ அவரைக் கண்டதும் இரும்புக் கதவின் மீது தாவியது. ஈரமான நாயின் மூக்கோ வாயோ தம்மேல் பட்டால், அவர்களின் சமய நெறிப்படி அவ்விடத்தை ஏழுமுறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒன்று மண் கலந்த நீராக இருக்க வேண்டும். தொழுகைக்குப் புறப்பட்டவருக்கு அது எவ்வளவு பெரிய இடையூறு! அவர் ஒதுங்கி நடப்பது வெறுப்பினால் அன்று, கடமையினால். ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் இல்லம் தேடி வரும் குடும்பம் அது.

“ஒரு நாள் அவங்க மேல பாய்ஞ்சிடுச்சின்னா, அப்புறம் அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?” என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி.

நீண்ட பேச்சுக்குப் பின் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. தீபாவளி வரையில் பிரம்பு வெளியே வரக்கூடாது. அதற்குள் குட்டி கடிப்பதையும் தாவுவதையும் விடாவிட்டால், அதைத் தோட்டத்து நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அங்கே சங்கிலிதான் காத்திருக்கிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மகள் நாட்காட்டியில் அக்டோபர் 31ஐ வட்டமிட்டு வைத்தாள்.

பயிற்சிக் கல்லூரியில் படித்தது

ஆசிரியர்களாகிய நாம் பயிற்சிக் கல்லூரியில் பாவ்லோவின் நாயைப் பற்றிப் படித்திருக்கிறோம். 1898இல் பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் வைத்து ஆய்ந்த தார்ண்டைக்கின் ‘விளைவு விதி’யையும் படித்திருக்கிறோம். இன்பமான விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும் என்பதே அவ்விதியின் சாரம். தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்ற அச்செய்தியை வீட்டில் செயல்படுத்தினோம்.

1. சிறுநீர்ப் பழக்கம்: 2 மாதக் குட்டியால் ஏறக்குறைய 2 மணி நேரமே சிறுநீரை அடக்க இயலும். எனவே விழித்தவுடன், உண்டவுடன், விளையாடி முடித்தவுடன் வெளியே கொண்டுசெல்ல வேண்டும். பால்மரம் வெட்டிய காலத்துப் பழக்கத்தால் அப்பா விடியற்காலையிலேயே எழுந்துவிடுவார்; முதல் முறைப்பணி அவருடையதாயிற்று. உரிய இடத்தில் கழித்ததும், ஒன்றிரண்டு நொடிக்குள் பாராட்டும், பயறளவு வேகவைத்த கோழி இறைச்சியும் கொடுப்போம். வீட்டுக்குள் திரும்பிய பின் கொடுத்தால், எதற்காகக் கிடைத்தது என்று குட்டிக்குத் தெரியாது.

2. கடித்தல்: குட்டிகளுக்கு 28 பாற்பற்கள். அவை மூன்று நான்கு மாதத்தில் விழத்தொடங்கி, ஏழாம் மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். அதுவரை ஈறு தினவெடுக்கும். எதையாவது கடித்தே தீரும். கடிப்பதற்கென்று பொம்மையும், நனைத்து உறையவைத்த துணியும் கொடுத்தோம். பல் கையில் பட்டால், விளையாட்டு அந்நொடியே நின்றுவிடும். மகள் எழுந்து திரும்பி நின்றுகொள்வாள். அரை நிமிடம் கழித்து மீண்டும் விளையாடுவாள். ‘கடித்தால் தோழி போய்விடுகிறாள்’ என்பதே குட்டி கற்ற பாடம்.

3. தாவுதல்: தாவும்போது எவரும் பார்ப்பதில்லை, தொடுவதில்லை, பேசுவதில்லை. நான்கு கால்களும் தரையில் இருக்கும்போதுதான் கவனிப்பு. என் கணவர் மட்டும், வேலை முடிந்து வந்ததும் அது தாவுவதை விரும்பி இரசித்துக்கொண்டிருந்தார்! ஒரு நாள் இடம் கொடுத்து மறுநாள் கண்டித்தால், அப்பழக்கம் அழியாது, முன்னிலும் உறுதிப்படும். இதை எடுத்துக்கூறியதும் ஒத்துழைத்தார்.

4. ஒரே சொல்: அப்பா ‘உக்காரு’ என்பார், கணவர் ‘சிட்’ என்பார், மகள் ‘உட்கார்’ என்பாள். குட்டி மூவரையும் மாறி மாறிப் பார்த்து விழித்தது. வீட்டுக் கூட்டம் ஒன்று நடத்தி, ‘இரு’, ‘வா’, ‘விடு’ ஆகிய மூன்று சொற்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டினோம். மூன்றும் நல்ல தமிழ்; மூன்றும் குறுஞ்சொற்கள்.

இவ்வளவும் ‘செல்லம் கொடுத்தல்’ ஆகாது. சமையலறைக்குத் தடுப்புக் கதவு உண்டு; வெளியே செல்லக் கழுத்துவார் உண்டு; உண்ணவும் உறங்கவும் நேரம் உண்டு. குட்டிகள் நாளொன்றுக்கு 18 மணி நேரத்திற்கு மேல் உறங்கும். உறக்கம் குறைந்த குட்டி, பகலுறக்கம் கெட்ட மழலையைப் போல் அடம்பிடிக்கும். அடி இல்லையே தவிர, ஒழுங்கு இருந்தது.

தலைகுனிவின் பொருள்

ஒரு நாள் மாலை, அலமாரிக்குப் பின்னால் சிறுநீர் தேங்கியிருந்தது. அப்பா குரலை உயர்த்தியதும் வேங்கை காதுகளை மடக்கி, தலையைத் தாழ்த்தி, கடைக்கண்ணால் பார்த்தது.

“பாத்தியா, செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது” என்றார்.

நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் எண்ணுகிறோம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டில் இதைச் சோதித்து ஓர் ஆய்வை வெளியிட்டார். தின்னக்கூடாது என்று தின்பண்டம் ஒன்றைக் காட்டித் தடுத்துவிட்டு, உரிமையாளர் அறையை விட்டு வெளியேறுவார். சில நாய்கள் தின்றன, சில தின்னவில்லை. திரும்பி வரும் உரிமையாளரிடம் சில வேளை உண்மையும் சில வேளை பொய்யும் கூறப்பட்டன. ‘குற்ற உணர்ச்சி’ என்று நாம் கருதும் அந்தத் தோற்றம், தின்றதனால் மிகுதியாக வரவில்லை, திட்டியதனால் வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகக் காணப்பட்டது!

இதைப் படித்தபோது எனக்கு நாய்கள் நினைவுக்கு வரவில்லை. வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. வீட்டுப்பாடம் செய்யாத மாணவனை நிற்க வைத்துத் திட்டுகிறோம். அவன் தலைகுனிகிறான். ‘உணர்ந்துவிட்டான்’ என்று நாம் நிறைவு கொள்கிறோம். அவன் எதை உணர்ந்தான்? நம் குரலை உணர்ந்தான். கழித்தல் கணக்கில் கடன் வாங்குவது எப்படி என்பது அவனுக்கு நேற்றும் தெரியவில்லை; இன்றும் தெரியவில்லை.

அலமாரிக்குப் பின்னால் சிறுநீர் கழித்த குட்டியும் அவ்வாறே. அடித்தால், ‘வீட்டுக்குள் கழிக்கக்கூடாது’ என்று அது கற்பதில்லை. ‘இந்த மனிதரின் கண்முன் கழிக்கக்கூடாது’ என்றே கற்கிறது. பிறகு வெளியே அழைத்துச் சென்றாலும் நம் முன்னால் கழிக்காமல், வீட்டுக்குள் வந்து மறைவிடம் தேடும். பொய் சொல்லக் கற்ற பிள்ளைகளின் கதையும் இதுதான் அல்லவா?

தீபாவளி

மாக்சிக் சூராவுக்குப் புறப்படும் நேரம் எங்களுக்குப் பாடவேளை ஆயிற்று. முதல் வாரம், வாசலிலிருந்து தொலைவில் விரித்த ஒரு பாயில், கழுத்துவாரோடு வேங்கையை ‘இரு’ என்று அமர வைத்தோம். அவர் கடந்து செல்லும் வரையில் அமர்ந்திருந்தால் இறைச்சித் துண்டு. எழுந்து ஓட முயன்றால் ஒன்றுமில்லை, மீண்டும் பாய். வாரந்தோறும் பாயை ஓரடி முன்னுக்கு நகர்த்தினோம். முன்னேற்றம் நேர்க்கோட்டில் செல்லவில்லை. செப்டம்பரில் பல் விழும் பருவத்தில் ஒரு வாரம் முழுவதும் பின்னடைவு. மகள் நாட்காட்டியின் முன் நின்று நாட்களை எண்ணுவாள். அப்பா ஒன்றும் பேசமாட்டார். ஆனால் அவர் சட்டைப்பையில் இறைச்சித் துண்டுகள் அடங்கிய சிறு டப்பா ஒன்று எப்போதும் இருந்தது.

தீபாவளி நாளில் வேறு கவனங்களும் தேவை. பாயசத்தில் இடும் உலர்திராட்சை, விருந்தினர் கொண்டுவரும் சாக்லேட், குழம்பில் கிடக்கும் வெங்காயம் ஆகியவை நாய்களுக்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். ‘பாவம், கேட்கிறது’ என்று பிள்ளைகள் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாமல் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பட்டாசு ஒலிக்கு அஞ்சி ஓடிக் காணாமற்போகும் நாய்கள் உண்டு. நாங்கள் பின்னறையில் மின்விசிறியையும் வானொலியையும் இயக்கி, அதன் பாயையும் பொம்மையையும் அங்கே வைத்துவிட்டோம்.

மாக்சிக் குடும்பம் வழக்கம்போல் வந்தது. நாய் அந்தப் பக்கமே வராத முன்கூடத்தில் அமர வைத்து உபசரித்தோம். விடைபெறும் நேரத்தில் அவர், “உங்கள் குட்டி இப்போதெல்லாம் என்னைக் கண்டதும் உட்கார்ந்துகொள்கிறதே!” என்று மலாயில் கூறிச் சிரித்தார். மகள் பின்னறைக்கு ஓடிவிட்டாள். தோட்டத்து நண்பரைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை. அதன் பின்னரும் பேசவில்லை.

சில நாள் கழித்து அப்பாவிடம், “அடியாத மாடு படியாதுன்னு சொன்னீங்களேப்பா?” என்று கேட்டேன்.

“அது மாட்டுக்குச் சொன்னதும்மா. இது நாயி” என்றார். மாட்டுக்காவது அது பொருந்துமா என்று நான் கேட்கவில்லை.

சிந்திப்போம்

அப்பழமொழியில் உள்ள சொல்லை மொழியாசிரியர்கள் உற்று நோக்க வேண்டும். ‘படிதல்’ வேறு, ‘படித்தல்’ வேறு. படிதல் என்பது அடங்குதல், பணிதல். படித்தல் என்பது கற்றல். அடித்தால் மாடு படியலாம், நாய் படியலாம், பிள்ளையும் படியலாம். ஆனால், படித்தல் அடியினால் நிகழ்வதில்லை. என்ன செய்யக்கூடாது என்று மட்டுமே அடி சொல்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று அது ஒருபோதும் சொல்வதில்லை.

“நாங்களெல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்; ஆசிரியர்மேல் அன்பு குறைந்துவிட்டதா?” என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. நட்பைப் பற்றிப் பேசும் நாலடியார், யானையையும் நாயையும் ஒப்பிட்டுக் காட்டுகிறது. பலநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலை ஆட்டும் என்கிறது அந்நூல். நாயின் பெருமையைச் சொல்லும் பாடல் அது. ஆயினும், வேலெறிந்தது சரி என்று அப்பாடல் எங்கும் சொல்லவில்லை! வால் ஆடுகிறது என்பது நாயின் அன்புக்குச் சான்று. எறிந்தவனின் முறைக்குச் சான்று அன்று.

நேற்றுத் திட்டு வாங்கிய பிள்ளை இன்று காலையில், “வணக்கம் டீச்சர்” என்று சிரித்த முகத்தோடு வகுப்புக்குள் நுழைகிறது. அது அப்பிள்ளையின் பெருந்தன்மை. அதை நம் கண்டிப்பின் வெற்றியாகக் கணக்கெழுதிக்கொள்வது அறமாகுமா?

விலங்குகளைத் துன்புறுத்துவோருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்க நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வழி செய்கிறது. சட்டத்துக்கு அஞ்சி அடிக்காமலிருப்பதும் ஒருவகைப் படிதல்தான். அடியின்றிக் கற்பிக்கும் வழியை அறிந்துகொள்வதே படித்தல். அதற்கு நேரம் தேவை, பொறுமை தேவை, வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே சொல்லைப் பேசும் ஒற்றுமை தேவை. பெற்றோரும் ஆசிரியரும் ஒரு பிள்ளைக்கு இவற்றைக் கொடுக்க முடியாதா?

இந்த வாரம் உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். அது சரியாகச் செய்யும் ஒரு சிறு செயலை, செய்த அந்நொடியிலேயே பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். ஐந்து நாள் தொடருங்கள். ஆறாம் நாள் அப்பிள்ளை தலைகுனிந்து நிற்கிறதா, தலைநிமிர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை